பாக்கெட்டில் ஒன்று, மடியில் ஒன்று

அத்தியாயம் 11

துர்காதேவி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பதினாலு மாதம் ஆகிறது. இந்தப் பதினாலு மாதத்தில் அந்த வீட்டின் காலை ஆறு மணி எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததில்லை.

ஒரகடத்தில் அவள் வேலை செய்யும் கம்பெனியின் பஸ் ஐந்து நாற்பதுக்குத் தெருமுனைக்கு வந்துவிடும். ஐந்து மணிக்கு எழுந்து, பாதித் தூக்கத்தில் குளித்து, மாமியார் காவேரி கட்டி வைத்த டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு ஓடுவாள். வார விடுமுறை வந்தால் எட்டு மணி வரை தூங்குவாள். காலை என்பது அவளுக்கு ஒரு பஸ்ஸின் பெயர்.

அந்த வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. ஆனாலும் விழிப்பு வந்துவிட்டது. கூடத்தில் காவேரியின் குரல்.

"தாய் மாமனுக்கு மொதல் பத்திரிகை. பொண்ணைப் பெத்தவங்க ஜோடியா போய் வெக்கணும். நான் என் தங்கச்சியைக் கூட்டிக்கினு போறேன். கேக்கறவங்களுக்கு நான் என்னா சொல்றது?"

"புடவை முடியணும்னு சொல்லு," என்றார் மாமனார் உமாபதி.

இந்தப் பேச்சு போன வாரமே முற்றி ஓய்ந்ததுதான். மகள் கலைவாணியின் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்து நாலு நாள் இருந்தது. அவள் சென்னையில் வேலை செய்துகொண்டு சனிக்கிழமைகளில் மட்டும் வருகிறாள். துர்காவின் கணவனுக்கும் வெளியூர் வேலை, மாதம் ஒரு தடவைதான் வருவான். முகூர்த்தப் புடவை வீட்டுத் தறியில் பாதி வரை ஏறியிருந்தது. முப்பத்தெட்டு வருடத்தில் அந்தத் தறியிலிருந்து எத்தனையோ முகூர்த்தப் புடவைகள் இறங்கியிருக்கின்றன. எல்லாம் யாரோ ஒரு வீட்டுப் பெண்ணுக்குப் போனவை. இந்த வீட்டிலேயே தங்கப் போகிற முதல் புடவை இது. அதனால் உமாபதி தறியை விட்டு எங்கும் நகர மறுத்தார்.

கலைவாணி கேட்டது சின்னக் கட்டம். ஒரு கட்டம் வாடாமல்லி, அடுத்தது கத்தரிப்பூ. இரண்டும் அக்கா தங்கை மாதிரியான கலர்கள். சாயம் போட்டு வந்த நூலை முதல் நாள் கையில் வைத்துக்கொண்டு உமாபதி நெடுநேரம் பார்த்தார். "கஷ்டமான கலர்மா" என்று மட்டும் சொன்னார். பழகிய நெசவாளி சொல்கிற நிதானம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

காவேரி செருப்பை மாட்டிக்கொண்டு அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "முழிச்சுக்கினா இருக்கே? பால் பாக்கெட் போடுறவன் இன்னிக்கு வரலமா. உங்க மாமா டீக்கடைக்குப் போவாரு. வாங்கியாரச் சொல்லு. மாத்திரை ஜன்னல்ல இருக்குது."

"நானே போய் வாங்கியாறேன் அத்தை."

"நீ தூங்கு."

ஆனால் தூக்கம் போயிருந்தது.

*

ஆறு மணிக்கு உமாபதி கால் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு, தறிக்குப் பக்கத்தில் குனிந்தார். அங்கே இரண்டு கிண்ணங்கள் இருந்தன. ஒன்று சில்வர், ஒன்று பித்தளை. மறுநாள் நெசவுக்கான நூலைக் காவேரி முந்தின மாலையே சின்னச் சின்னக் குச்சிகளில் சுற்றி வைத்துவிடுவாள். தார்க்குச்சி என்பார்கள். தறியில் இடமும் வலமும் ஓடுகிற நாடாவுக்குள் அது உட்கார்ந்து, போகிற பக்கமெல்லாம் நூலை விட்டுக்கொண்டே போகும். ஒரு கலர் ஒரு கிண்ணத்தில், இன்னொரு கலர் இன்னொன்றில். எது எதில் என்று நிலையான ஏற்பாடு கிடையாது. அன்றைக்குக் கை போன கிண்ணம்.

சில்வர் கிண்ணத்திலிருந்து ஒரு குச்சியை எடுத்துச் சட்டைப் பாக்கெட்டில் போட்டார். பித்தளையிலிருந்து ஒன்றை எடுத்து வேட்டி மடியில் செருகினார்.

"எங்கே மாமா நூலை எடுத்துக்கினு போறீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் அவளை எதிர்பார்க்கவில்லை.

"சும்மா. வெளிச்சத்துல பார்க்கறதுக்கு. பழக்கம்."

"நானும் வரேன். பால் வாங்கணும்."

"நீ எதுக்குமா? நான் வாங்கியாறேன்."

"தினம் பஸ் ஜன்னல்ல பார்க்கிற தெருதானே, ஒரு நாள் நடந்து பார்க்கிறேன்."

மறுக்க அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை.

தைக் குளிர் தெருவில் இன்னும் படுத்திருந்தது. உமாபதி அவசரப்படாமல் நடந்தார். நாலாவது வீட்டு வாசலில் சுருண்டிருந்த நாயிடம், "என்னா துரை, ராத்திரி டூட்டி முடிஞ்சுதா?" என்றார். அது எழுந்திருக்காமல் வாலை மட்டும் ஒரு தடவை தரையில் தட்டியது. அவர்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு போலிருக்கிறது.

இரண்டு வீடு தள்ளி ஒரு தறி ஓடத் தொடங்கியிருந்தது. உமாபதி நின்று கேட்டார்.

"அஜித்து. நேத்து படம் பார்த்துட்டு வந்திருக்கிறான்."

"எப்படித் தெரியும்?"

"அடியைக் கேளு. தூங்கிக்கினே அடிக்கிறான். கட்டின நாள்லேர்ந்து அவன் பொண்டாட்டிதான் அவனை ஒதைச்சு எழுப்புது."

துர்கா சிரித்துவிட்டாள். கேட்டுப் பார்த்தபோது உண்மையாகவே அந்தச் சத்தம் நடுவில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

சந்நிதித் தெரு திரும்பியதும் எதிரே பெருமாள் கோயில் கோபுரம். உமாபதி செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்தார். இவர்கள் வீட்டில் கும்பிடுவதெல்லாம் சிவனையும் முருகனையும். துர்கா அவரைப் பார்த்தாள்.

"நம்ம சாமி அந்தப் பக்கம் இருக்குது. நாள் கெழமைன்னா போறோம். இவரு பக்கத்து வீட்டுக்காரரு. தினம் பார்க்கறவருக்கு ஒரு வணக்கம் சொல்லாம போக முடியுமா?"

அந்தக் கோபுரம் மேற்குப் பார்த்தது. சூரியன் அதன் முதுகுப் பக்கம் எழும். அது கோபுரத்தைத் தாண்டி ஏறுகிற வரை தெருவின் அந்தப் பகுதியில் வெயில் விழாது. வெளிச்சம் மட்டும் இருக்கும். கண் கூசாத, எதன் மேலும் மஞ்சள் பூசாத வெளிச்சம். சிட்டிபாபுவின் டீக்கடை அந்த நிழலுக்குள் இருந்தது.

"இந்த அரை மணி நேரம்தான்," என்றார் உமாபதி. "வெயில் வந்துட்டா சிவப்பு எல்லாம் ஒசந்து தெரியும். டியூப் லைட்ல அதே சிவப்பு செத்துப் போவும். நெழல்லதான் கலரு உள்ளதைச் சொல்லும்."

துர்கா தலையாட்டினாள். அது அவள் வேலையும்தான். கார் கதவுகளுக்கான பிளாஸ்டிக் பாகங்களை மூன்று வகை விளக்குள்ள ஒரு பெட்டிக்குள் வைத்து, கலர் சரியா என்று பார்த்து அனுப்புகிற வேலை. ஒரு நாளைக்கு எண்ணூறு பாகங்கள். அந்த விளக்குப் பெட்டிக்காகக் கம்பெனி செய்த செலவை நினைத்துக் கோபுரத்தை மறுபடி ஒரு தரம் பார்த்தாள்.

*

சிட்டிபாபு முதல் கிளாஸ் டீயை ரோட்டில் ஊற்றிவிட்டு இரண்டாவதை ஆற்றிக்கொண்டிருந்தார். பெஞ்சில் ஜான்சன் இருந்தான். ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். முதல் சவாரி முடித்து டீக்கு வந்திருந்தான். கடையை ஒட்டிப் பூ விற்கும் ரேணுகாம்பாளின் கூடை மட்டும் சாக்குப் போட்டு மூடியிருந்தது.

"அக்கா எங்கே?" என்று கேட்டார் உமாபதி.

"பூ லாரி லேட்டாம். மார்க்கெட்லயே நிக்குது," என்றார் சிட்டிபாபு. "வாம்மா. என்னா அதிசயம், மாமனாரும் மருமகளும்?"

"இவதான் கார் கம்பெனில கலர் பார்க்கறவ," என்றார் உமாபதி. அவர் குரலில் ஒரு சின்ன ஏற்றம். "நம்ம வீட்டுல ரெண்டாவது ஆளு."

ஜான்சன் எழுந்து இடம் விட்டான். "அப்போ இன்னிக்கு ஆட்டத்துக்கு நடுவர் வந்தாச்சு."

"என்ன ஆட்டம்?"

"உனக்குத் தெரியாதா? உங்க மாமா தினம் நூலைக் கொண்டாந்து காட்டுவாரு. இது என்னா கலரு சொல்லுன்னு கேப்பாரு. ஆளுக்கொண்ணு சொல்லுவோம். இருவது வருஷமா நடக்குது. நான் வந்து ஒம்போது வருஷம்."

சிட்டிபாபு வடிகட்டியைத் தட்டினார். "ஒரு நாள் ஒரு பச்சை கொண்டாந்தாரு. நான் கொத்தமல்லித் தண்டுன்னேன். இவன் பேட்டரி வண்டி நம்பர் பிளேட்டுங்கறான். ரேணுகாக்கா மட்டும் பூவைத் தவிர வேற பேரு சொல்லாது. அதுவும் எந்த நேரத்துப் பூன்னு சொல்லும். காலைல பறிச்சதா, நேத்து மிச்சம் ஆனதான்னு."

துர்காவுக்குப் பிடித்திருந்தது. கம்பெனியில் கலர்களுக்கு எண்தான் உண்டு.

உமாபதி பெஞ்சின் கிழக்கு ஓரத்தில் உட்கார்ந்தார். அது அவர் இடம் என்பது மற்றவர்கள் விட்டு வைத்திருந்த விதத்தில் தெரிந்தது. டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு பாக்கெட்டிலிருந்த தார்க்குச்சியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"சொல்லுங்கப்பா. இது என்னா?"

வாடாமல்லி. அந்த வெளிச்சத்தில் அதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. துர்காவுக்குப் பத்தடி தள்ளியே தெரிந்தது.

ஜான்சன் குனிந்து பார்த்தான். சிட்டிபாபுவைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான். அதைத் துர்காவும் பார்த்தாள்.

"இது நம்ம தவக்காலக் கலருண்ணே. தவக்காலத்துல பாதர் போடுற அங்கி. அசல் கத்தரிப்பூ."

"கத்தரிப்பூவேதான்," என்றார் சிட்டிபாபு, முகத்தை இறுக்கிக்கொண்டு. "ஆம்பூர் பிரியாணிக் கடைல கத்தரிக்கா தொக்கு வெப்பானே, அந்தக் காயோட தோலு."

இருவரும் காத்திருந்தார்கள். மருமகள் முன்னால் மாமனாரைச் சீண்டிப் பார்க்கிற விளையாட்டு. உமாபதி இப்போது நிமிர்ந்து, கண்ணாடி போட்டுக்கங்கடா என்பார். ஜான்சன் சிரிப்பான். துர்காவும் சிரிக்கத் தயாராக இருந்தாள்.

உமாபதி நூலைப் பார்க்கவில்லை. ஜான்சனின் முகத்தைப் பார்த்தார். பிறகு சிட்டிபாபுவின் முகத்தை.

"சரி," என்றார். தார்க்குச்சியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "அப்போ இது வாடாமல்லி." மடியிலிருந்ததை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி அங்கேயே செருகினார்.

யாரும் சிரிக்கவில்லை. ஜான்சன் வாயைத் திறந்தான். சிட்டிபாபு அவன் தோளில் கை வைத்தார். பால் பொங்கி அடுப்பில் விழுந்து தீய்ந்த வாசனை வந்தபிறகுதான் அவர் கையை எடுத்தார்.

துர்கா பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள். கோபுரத்தின் தோளுக்கு மேலே முதல் வெயில் எட்டிப் பார்த்தது.

*

திரும்பி வரும்போது உமாபதி நாயிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஏதோ சரியில்லை என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். என்ன என்றுதான் தெரியவில்லை.

துர்காவுக்குத் தெரிந்தது. பாக்கெட், மடி. சில்வர், பித்தளை. குச்சிகள் ஏன் கலந்துவிடக் கூடாது என்பது. இந்தப் பொங்கலுக்கு அவள் கட்டியிருந்த ஊதாப் புடவையை, காபிக் கலர் உனக்கு எடுப்பா இருக்குதும்மா என்று அவர் சொன்னது. பொங்கல் வேலையில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அவளே வாங்கவில்லை.

அவர் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். டியூப் லைட்டைப் போட்டார். நேற்று வாடாமல்லிக் கட்டம் முடிந்திருந்தது. இன்று கத்தரிப்பூவில் தொடங்க வேண்டும். அவர் கை சில்வர் கிண்ணத்துக்குப் போய் ஒரு தார்க்குச்சியை எடுத்து நாடாவில் பொருத்தியது. வாடாமல்லி.

சமையலறை வாசலில் பால் பாக்கெட்டோடு நின்றாள் துர்கா. நாடா ஒரு தடவை போய் வந்தது. இரண்டு. நாலு. சொன்னால் அவர் முகம் என்ன ஆகும் என்று தெரியவில்லை. சொல்லாவிட்டால் அந்தப் புடவையில் ஒரு கட்டம் மட்டும் இரட்டையாக நீண்டு போகும். கல்யாண மேடையில் அத்தனை பேர் முன்னால் அது தெரியும். அதை விட, கலைவாணி எதுவும் சொல்லாமல் கட்டிக்கொள்வாள் என்பதும் தெரிந்தது.

ஆறு. எட்டு.

"மாமா, ஜான்சன் அண்ணன் விளையாட்டுக்குச் சொன்னாரு."

நாடா நின்றது.

அவர் திரும்பவில்லை. நெய்த இடத்தின் மேல் விரலை வைத்து மெல்லத் தடவினார். அங்கே அவர் விரலுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே பட்டு.

"எந்தக் கிண்ணம்மா?" என்று கேட்டார்.

"சில்வர் கிண்ணம் வாடாமல்லி. பித்தளை கத்தரிப்பூ."

"எத்தனை இழை போச்சு?"

"எட்டு."

"எட்டுதானே." அவர் மூச்சு விட்டார். "பிரிச்சுடலாம்."

ஒவ்வோர் இழையாகப் பின்னுக்கு எடுத்தார். துர்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் விடுவித்த நூலை வாங்கிக் குச்சியில் சுற்றினாள். அவளுக்குச் சரியாகச் சுற்ற வரவில்லை. அவர் வாங்கித் திருத்திக் கொடுத்தார். அந்தக் கைக்கு வெளிச்சம் வேண்டியிருக்கவில்லை.

"எப்பத்திலேர்ந்து மாமா?"

"கார்த்திகைல பள்ளிக்கூடத்துல கண் முகாம் போட்டாங்க. வலது கண்ணுல புரை நல்லா பழுத்துட்டுதாம். எடதும் பாதி. உடனே ஆபரேசன்னாங்க. அப்புறம் ஒரு மாசம் குனியக் கூடாது, தூசு படக் கூடாதுன்னாங்க. தறில உக்காந்தா ரெண்டும்தான். நான் கண்ணைப் பார்ப்பேனா, புடவையைப் பார்ப்பேனா?"

"வேற யாராவது நெய்யட்டுமே. அஜித்கிட்ட சொன்னா செய்ய மாட்டாரா?"

"செய்வான். எனக்கு மேல நல்லா நெய்வான், தூக்கம் தெளிஞ்சா." கடைசி இழையை எடுத்தார். "கலைவாணி பத்து வயசுல கேட்டுது. அப்பா, எனக்கு நீ நெய்வியான்னு. நெய்யறேன்னேன். அவ்வளோதான் விசயம்."

துர்கா நூல் சுற்றிய குச்சியைச் சில்வர் கிண்ணத்தில் போட்டாள். தன்னிடமிருந்த ஒரே உதவியை எடுத்து வைத்தாள்.

"கம்பெனில வருஷம் ஒரு தடவை எங்க கண்ணையே டெஸ்ட் பண்ணுவாங்க மாமா. ஃபெயில் ஆனா வேற லைன்ல போடுவாங்க. அதுல ஒண்ணும் கேவலம் இல்ல. இனிமே நான் கிளம்பறதுக்கு முன்னாடி கிண்ணத்துல பேனாவால எழுதி வெச்சுட்டுப் போறேன். பெரிய எழுத்துல. நீங்க கடைக்கு நூல் எடுத்துக்கினு போகவே வேணாம்."

உமாபதி சிரித்தார். அன்று காலை அவர் சிரித்தது அப்போதுதான்.

"அப்புறம் நான் எதுக்கு எழுந்திருக்கறது?"

அவள் புரியாமல் பார்த்தாள்.

"கண்ணு நல்லா இருந்தப்பவே எடுத்துக்கினு போவேன்மா. எனக்குத் தெரியும் இது மயில் கழுத்துன்னு. தெரிஞ்சாலும் கேப்பேன். ஒருத்தன் பீட்ரூட்டுங்கறான், ஒருத்தி பூவுங்கறா. அவங்க சொன்னதை வெச்சுக்கினு வந்து உக்காந்தா, நாள் பூரா ஓட்டற நூலு அலுக்காது. ஒரு நாளு கொத்தமல்லித் தண்டை நெய்வேன், ஒரு நாளு நம்பர் பிளேட்டை. இப்பவும் கேக்கறது அதேதான். எதுக்குக் கேக்கறேங்கறதுதான் மாறிப் போச்சு."

துர்கா தன் பஸ்ஸை நினைத்தாள். பதினாலு மாதமாக ஏறுகிறாள். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள். டிரைவரின் பெயர் கூட அவளுக்குத் தெரியாது.

"அத்தைகிட்ட சொல்லணும் மாமா."

"புடவை தறியை விட்டு எறங்கட்டும்."

"அது வரைக்கும் நான் மூடிக்கினு இருக்கணுமா?"

"இருபத்து நாலு நாளு."

"ஒரு கண்டிஷன். கல்யாணத்துக்கு மறுநாளே தேதி வாங்கணும். நான் லீவு போட்டுக் கூட வருவேன். தள்ளிப் போட்டீங்கன்னா அன்னிக்கே அத்தைகிட்ட சொல்லிடுவேன்."

"இன்ஸ்பெக்டரு," என்றார் உமாபதி. ஒப்புக்கொண்டார் என்று அதற்கு அர்த்தம்.

*

ஒன்பது மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. ஜான்சன் உள்ளே வரத் தயங்கி நிலைப்படியில் நின்றான். கையில் ஒரு வாழை இலைப் பொட்டலம்.

"அண்ணே, காலைல நான் சும்மாதான்..."

"தெரியும்பா. உக்காரு."

"இல்லண்ணே, ஆளுங்க உக்காந்திருக்கு வண்டில. மார்க்கெட்லேர்ந்து ரேணுகாக்காவை ஏத்திக்கினு வந்தேன். நடந்ததைச் சொன்னேன். நடு ரோட்ல எறங்கித் திட்டுது. இப்பத்தான் உனக்குத் தெரியுதாடான்னு கேக்குது. அக்காவுக்கு மூணு மாசமா தெரியுமாம்."

உமாபதியின் கை தறிமேல் நின்றது. துர்காவும் நிமிர்ந்தாள். தினமும் முதல் ஆளாகப் பதில் சொன்னது ரேணுகாம்பாள் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பூவின் பெயரைத் தவிர வேறு சொல்லாமல், எந்த நேரத்துப் பூ என்பதையும் சேர்த்து.

"இத உங்ககிட்ட குடுக்கச் சொல்லிச்சு. பக்கத்துல வெச்சுக்கச் சொல்லு, இருபது நாளானாலும் அப்படியே இருக்கும்னுச்சு." பொட்டலத்தைத் துர்காவிடம் நீட்டினான். "நாளைக்கு வருவீங்க இல்லண்ணே?"

"வராம? நீ பொய் சொன்னா அக்கா இருக்குது."

ஜான்சன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். ஆட்டோவில் யாரோ ஒரு பெண், இவ்ளோ நேரமா என்று கேட்பது கேட்டது.

பொட்டலத்தில் வாடாமல்லிப் பூக்கள் இருந்தன. ஐந்தாறு. உமாபதி ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டினார். காகிதம் போலச் சரசரத்தது. வேறு எந்தப் பூவும் அப்படிச் சத்தம் போடாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம் உருட்டிப் பார்த்தார்.

பிறகு அதைச் சில்வர் கிண்ணத்தில், வாடாமல்லித் தார்க்குச்சிகளின் மேல் வைத்தார்.

அன்று மாலைக்குள் ஆறு கட்டங்கள் ஏறின. ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் அவர் கை முதலில் கிண்ணத்துக்குள் போய்ப் பூவைத் தேடியது. ஒரு தடவை கூடத் துர்காவைக் கேட்கவில்லை. அவளும் ஒவ்வொரு தடவையும் பார்த்தாள், பார்க்காதவள் போல.

*

காவேரி ஐந்து மணிக்குத் தாமலிலிருந்து திரும்பினாள். அண்ணன் குமாரவேல் தோட்டத்துப் பூசணிக்காய் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தாள். ஏரியில் இந்த வருடம் தண்ணீர் நிற்கிறது, பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இல்லை என்று சொல்லிக்கொண்டே முகம் கழுவினாள்.

"அண்ணன் கேட்டாரு. மாப்ள ஏன் வரலன்னு."

"நீ என்னா சொன்னே?" என்றார் உமாபதி தறிக்குழியிலிருந்து.

"கண்ணும் கருத்துமா நெய்யறாருன்னு சொன்னேன்."

துர்கா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். காவேரியின் முகத்தில் ஒன்றும் இல்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விளக்கேற்றிவிட்டு, தினமும் போல ராட்டையின் முன் உட்கார்ந்தாள் காவேரி. நாளைய நூலைச் சுற்ற வேண்டும். இரண்டு கிண்ணங்களையும் தன் பக்கம் இழுத்தாள். சில்வர் கிண்ணத்தில் பூ இருந்தது.

அதை எடுத்துப் பார்த்தாள். துர்கா சமையலறையிலிருந்து கவனித்தாள். ஏது இந்தப் பூ என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தாள். ரேணுகாம்பாள் சும்மா கொடுத்தாள் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை.

காவேரி கேட்கவில்லை. பூவைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ராட்டையைச் சுற்றத் தொடங்கினாள்.

முதலில் கத்தரிப்பூ நூல். சுற்றி முடித்த குச்சிகளை ஒவ்வொன்றாகக் கைக்குக் கிட்டிய சில்வர் கிண்ணத்தில் போட்டாள். துர்கா நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். இன்று கிண்ணம் மாறிவிட்டது. பூ மறுபடி சில்வரில் போனால் நாளை காலை என்ன ஆகும்? நாளை காலை ஐந்து நாற்பதுக்கு அவள் பஸ்ஸில் இருப்பாள்.

பிறகு வாடாமல்லி. அது பித்தளையில் விழுந்தது. தறிக்குழியில் உமாபதி வேலையை நிறுத்திவிட்டு, எதையோ தேடுகிறவர் போலக் குனிந்திருந்தார்.

ராட்டை நின்றது. காவேரி மடியிலிருந்த பூவை எடுத்தாள். அதன் காம்பில் ஒட்டியிருந்த இலையைக் கிள்ளிப் போட்டாள். பூவைப் பித்தளைக் கிண்ணத்தில், வாடாமல்லியின் மேல் வைத்தாள்.

இரண்டு கிண்ணங்களையும் தறிப் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிரும்போது கணவரைப் பார்த்துக் கேட்டாள்.

"காலைல எத்தினி மணிக்குப் போறீங்க கடைக்கு?"

"ஆறு, ஆறேகாலு," என்றார் உமாபதி. அவர் குரல் சற்றுத் தள்ளியிருந்து வந்தது. "ஏன்?"

"நாளைக்கு எனக்கும் ஒரு டீ சொல்லுங்க."

பூசணிக்காயை எடுத்துக்கொண்டு அவள் சமையலறைக்கு வந்தாள். அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். துர்காவைப் பார்க்கவே இல்லை.

"துர்கா, உங்க பஸ்ஸு ஒரு நாளாவது லேட்டா வருமாம்மா? மூணு டீயா சொல்லிடலாம்."